குளிராட்டி மலை விருந்துக்கு வந்த கதை

கருங்காட்டுப்பட்டிக்காரர்களுக்குக் கண்ணில் படுகிறவரையெல்லாம் வீட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிடுகிற வியாதி ஒன்று உண்டு. பஸ்ஸில் இடத்துக்காகச் சண்டை பிடித்த கண்டக்டரைக்கூட இறங்கும்போது, “கோவிச்சுக்கிடாதீகண்ணே, ஒருநா வீட்டுக்கு வாங்க, பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க” என்று கூப்பிட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள்; ஆட்டுக்கு ஊசி போட வந்த டாக்டரை, கரண்ட் கம்பம் நட வந்த ஆட்களை, தப்பான நம்பருக்குப் போன் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்ட யாரோ ஒரு சேலத்துக்காரரை, எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்படிக் கூப்பிடுவதில் அவர்களுக்கு ஒரு தைரியம், யாரும் வரப்போவதில்லை என்கிற தைரியம். வந்து பார்க்க அங்கே என்ன இருக்கிறது? நாலு பக்கமும் கரிசல் காடு, காட்டுக்கு நடுவே பருத்தியும் மிளகாயும், மிச்ச இடத்தில் வேலிக்கருவை. கண்மாய்க்கரையை விட்டால் கழுத்தை நிமிர்த்திப் பார்க்க ஒரு மேடு கிடையாது.

அந்த ஊரில் கூப்பிடுவதற்கென்றே பெயர் வாங்கியவள் சீனியம்மாள். அவள் கூப்பிட்டால் கையைப் பிடித்துக் கூப்பிடுவாள், இன்ன குழம்பு வைப்பேன் என்று சொல்லிக் கூப்பிடுவாள், தெருமுனை வரை குரல் கேட்கிற மாதிரி கூப்பிடுவாள். “நீ கூப்பிட்ட ஆளெல்லாம் ஒரே நாள்ல வந்து நின்னா நாம ரெண்டு பேரும் ஊரைவிட்டு ஓட வேண்டியதுதான்” என்று அவள் புருசன் பெருமாள்சாமி கேலி செய்வார். அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் பெற்ற ஒரே மகள் மூன்று வருசமாக வீட்டுப்படி மிதிக்கவில்லை. மகள் பெயர் தங்கபுஷ்பம். தென்காசிக்கு மேற்கே, குளிராட்டி மலையின் அடிவாரச் சரிவில் வீடு கட்டி, வீட்டு முன்னாலேயே பஜ்ஜிக் கடை போட்டிருக்கிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒரே ஒரு தடவை அவள் வந்து தன் கையால் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போனால் போதும், அதற்கப்புறம் செத்தாலும் பரவாயில்லை என்று சீனியம்மாள் நினைத்துக்கொண்டிருந்தாள். நினைத்தாளே தவிர வாயைத் திறந்து யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் அவளுக்கும் ரோசம் உண்டு.

சண்டைக்குக் காரணம் ஒரு போன். ஊர்க் காளியம்மன் திருவிழாவான கொடைக்குச் சம்பந்தி வீட்டாரை நேரில் போய்க் குங்குமம் கொடுத்து அழைப்பதுதான் அந்தப் பக்கத்து முறை. அந்த வருசம் பெருமாள்சாமி மாட்டுவண்டியிலிருந்து விழுந்து காலில் கட்டுப் போட்டுக் கிடந்ததால், சீனியம்மாள் போனிலேயே அழைத்துவிட்டாள். மகளுடைய மாமனார் கோமதிநாயகம் போனில் நல்லபடியாகத்தான் கேட்டுக்கொண்டார். கொடையன்றைக்கு ஆட்டுக்கறி வெந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. “தங்கச்சி, போன்ல அழைச்சீக, போன்லயே குடும்பத்தோட வந்தோம், சாமி கும்பிட்டோம், சாப்பிட்டோம், கறிக்கொழம்புல உப்பு மட்டும் ஒரு கை தூக்கல். போயிட்டு வாரோம்” என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர்களும் வரவில்லை, இவளும் போய் அழைக்கவில்லை. பெண்ணைக் கொடுத்துவிட்டால் மண்ணில் புரள வேண்டுமா என்று கேட்டுக் கேட்டுத் தன் கோபத்தைச் சூடு ஆறாமல் வைத்துக்கொண்டாள்.

வருசா வருசம் சாரல் காலத்தில் கருங்காட்டுப்பட்டியே ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு குளிராட்டிக்குப் போகும். கட்டுச்சோறு கட்டி, எண்ணெய்ப் பாட்டில் எடுத்து, மாற்றுத்துணி மூட்டைகளோடு போய், எண்ணெய் தேய்த்து, அருவியில் நின்று, நடுங்கி, மலையடிக் கோயிலில் கும்பிட்டு, பாறைகளில் வட்டம் வட்டமாக உட்கார்ந்து புளிச்சோறு தின்று, வரும் வழியில் புரோட்டாவும் கோழியும் தின்று, வேனிலேயே தூங்கி வீட்டுக்கு வந்து சேருவார்கள். இந்த வருசமும் அப்படித்தான் போனார்கள். சீனியம்மாள் உட்கார்ந்த பாறையிலிருந்து நிமிர்ந்தால் மகளுடைய கடை தெரிந்தது, மகளும் தெரிந்தாள், எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். ஊர்க்காரர்கள் ஏறிப்போய் பஜ்ஜி வாங்கித் தின்றுவிட்டு வந்து, “உம் மக கேட்டா, அம்மா நல்லா இருக்காளான்னு” என்று சொன்னார்கள். “நல்லா இருக்கேன்னு சொன்னீகளா?” என்று இவள் கேட்டாள். அழைக்காத வீட்டுப் படியில் இவள் ஏறவில்லை, அந்தப் படியை விட்டு அவள் இறங்கவில்லை. நடுவில் ஒரு எட்டுப் போட்டால் கடந்துவிடுகிற ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

வேன் கிளம்ப ஹாரன் அடித்ததும் சீனியம்மாளுக்கு அழுகை வந்தது. அழுகையைக் கோபத்தால்தான் அடக்க முடியும் என்பதால் கோபப்பட்டாள். கோயிலில் கொடுத்த குங்குமம் முந்தானையில் முடிந்திருந்தது. அதை அவிழ்த்தாள், ஈரப் பாறையில் ஒரு பொட்டு வைத்தாள், பாறை மேல் உள்ளங்கையை அழுத்தினாள், மேலே கடைக்குக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினாள்.

“குளிராட்டி, தாயி! வருசா வருசம் நாங்கதான் வாரோம், உன் தண்ணியில குளிக்கோம், உன் மடியில உக்காந்து திங்கோம். நீ ஒருக்காவாவது எங்க வீட்டுக்கு வந்திருக்கியா? மனுசங்க மானம் மருவாதி பாக்காங்க, பாத்துட்டுப் போகட்டும். நீ வா. மொச்சைக் கொழம்பு வைக்கேன், கம்மஞ்சோறு ஆக்குதேன், இருக்கிறதத் தின்னுட்டு இருந்துட்டுப் போ.”

வேனில் எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை வருசத்தில் அவள் கூப்பிடாத ஆள் மலை ஒன்றுதான், அதையும் கூப்பிட்டுவிட்டாள் என்றார்கள். யாரும் வரமாட்டார்கள் என்ற பழைய தைரியத்திலேயே எல்லோரும் தூங்கிப்போனார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் மலை வந்து சேர்ந்தது. வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்ததால் கொஞ்சம் நேரமாகிவிட்டது என்று பின்னாலேயே வந்த லாரிக்காரர் சொன்னார். கேட் திறக்கும்வரை ஓரமாக ஒதுங்கி நின்று வண்டிகளுக்கு வழிவிட்டதாம், அந்த விசயத்தில் நல்ல மலைதான் என்றார். தென்காசி ரோட்டிலிருந்து ஊர் வரைக்கும் அது வந்த தடம் ஈரமாகக் கிடந்தது, தடத்தில் அதற்குள் சின்னச் சின்னதாகப் பெரணிச் செடி முளைத்திருந்தது. ஊருக்கு மேற்கே மந்தைப் பொட்டலில், யாருடைய பருத்தியையும் மிதிக்காமல், அருவியை ஊர்ப்பக்கம் பார்க்கத் திருப்பிக்கொண்டு நின்றது. புதிதாக விருந்துக்கு வந்தவர்கள் உள்ளே வரச்சொல்லும்வரை வாசலில் நிற்பார்களே, அப்படித்தான் நின்றது.

சீனியம்மாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். “யாத்தாடி, வந்துட்டியா!” என்று வாளியை வைத்துவிட்டு உள்ளே ஓடிச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து மலையடியில் ஊற்றினாள், ஏனென்றால் வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும், மற்ற பேச்செல்லாம் அப்புறம். ஊர் மொத்தமும் கூடிவிட்டது. பஞ்சாயத்துத் தலைவர் செல்லையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “வாங்க, வாங்க, பிரயாணமெல்லாம் சௌகரியமா?” என்று கேட்டார், பதிலுக்கு அருவிச் சத்தம் வந்தது, சௌகரியம்தான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

முதல் தகராறு சாப்பாட்டில்தான் வந்தது. மலைக்குக் கறி போடலாமா கூடாதா? உச்சியில் முருகன் கோயில் இருப்பதால் சுத்த சைவம் என்று ஒரு கட்சி. அடிவாரத்தில் கருப்பசாமி அரிவாளோடு நிற்பதால் கறியில்லாமல் இலை போட்டால் அவமானம் என்று இன்னொரு கட்சி. சீனியம்மாள்தான் இரண்டு இலை போட்டுவிடலாம், எது வேண்டுமோ அது எடுத்துக்கொள்ளட்டும் என்று முடித்துவைத்தாள். கம்மஞ்சோறும் மொச்சைக் குழம்பும் ஒரு இலையில், கோழியும் கருவாடும் மறு இலையில் வைத்து, ஊரே தள்ளி நின்று மறுபக்கம் திரும்பிக்கொண்டது, சாப்பிடும்போது விருந்தாளி வாயைப் பார்க்கக் கூடாது அல்லவா. திரும்பிப் பார்த்தபோது இரண்டு இலையும் சுத்தமாக இருந்தன. குரங்குகள்தான் தின்றன என்று பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார், குரங்குகளும் அந்த மலையோடு வந்தவைதானே என்று ஊர் திருப்பிக் கேட்டது.

வந்தவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்ட வேண்டும். மலை நடந்து களைத்திருக்கும் என்பதால் ஊரை மலைக்கு முன்னால் கொண்டுவந்து காட்டினார்கள். சப்பரத்தை இழுத்துவந்து நிறுத்தினார்கள், காளையை அலங்கரித்துக் காட்டினார்கள், கரகாட்டம் வைத்தார்கள், வில்லுப்பாட்டு வைத்தார்கள், பெண்கள் கும்மி கொட்டினார்கள், கும்மிக்கு மட்டும் அருவி சத்தத்தைக் குறைத்துக்கொண்டு கேட்டதாக இன்றைக்கும் சொல்லுவார்கள். சாயங்கால வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டதால் மேலத்தெருப் பெண்கள் மிளகாய் காயப்போடக் கீழத்தெருவுக்குப் போனார்கள், கீழத்தெருப் பெண்கள் இடம் தரமாட்டோம் என்று கொஞ்ச நேரம் ஏசிவிட்டுப் பிறகு தந்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிக்கிற ஆண்கள் காலையும் மத்தியானமும் சாயங்காலமும் குளித்தார்கள். ஊரில் முதன்முதலாக ஸ்வெட்டர் வாங்கியவர் டீக்கடைக்காரர், அவர் அதைப் பகலிலும் கழற்றவில்லை.

அப்புறம் ஊர் அத்தனை வருசமாகக் கூப்பிட்டிருந்தவர்கள் வர ஆரம்பித்தார்கள். இப்போதுதான் பார்க்க ஏதோ இருக்கிறதே! கண்டக்டர் மனைவி மக்களோடு வந்தார், ஆட்டு டாக்டர் மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார், கம்பம் நட்டவர்கள் ஒரு லாரியில் வந்தார்கள், தப்பான நம்பருக்குப் போன் போட்ட சேலத்துக்காரர் மாம்பழக் கூடையோடு வந்து, “நீங்கதானே வரச்சொன்னீங்க” என்று சீனியம்மாள் வாசலில் நின்றார். வீட்டுக்கு வீடு அடுப்பு அணையவில்லை. பெருமாள்சாமி ஓடவில்லை, தேங்காய் உரித்துக் கை காய்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வரிசையாக உட்கார்ந்த குடும்பங்களுக்குக் கருங்காட்டுப்பட்டி கம்மஞ்சோறு போட்டது, கறி போட்டது, மறுசோறு வேண்டாம் என்றவர்களிடம் கோபித்துக்கொண்டது. வரச்சொன்ன வாய் வாய்தான் என்று ஊருக்கே ஒரு மிதப்பு வந்துவிட்டது.

ஆனால் மலையோடு இன்னொன்றும் வந்திருந்தது. அடிவாரச் சரிவில் இருந்த வீடு சரிவோடு வந்துவிட்டது. மலை வந்த அன்றைக்குக் காலையில் பஜ்ஜிக் கடைத் தட்டியைத் தூக்கிய கோமதிநாயகம் எதிரே சம்பந்தி வீட்டு ஓட்டைப் பார்த்தார், ஓட்டில் காயும் சுரைக்காயைப் பார்த்தார், தட்டியைத் திரும்ப இறக்கிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, கீழே நின்ற ஊரைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்.

“எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நாங்க இங்க வரல. மலை வந்திருக்கு. நாங்க எங்க வீட்லதான் இருக்கோம்.”

சொன்னபடியே இருந்தார். மலையின் கடைசிக் கல் வரைக்கும் வருவார், கரிசல் மண்ணில் கால் வைக்கமாட்டார். பாலும் காய்கறியும் ஊர்க்காரர்கள் மேலே கொண்டுபோய்க் கொடுத்தார்கள், அவர் பஜ்ஜி கட்டிக் கொடுத்தார். அவர் சம்சாரமும், தங்கபுஷ்பத்தின் புருசனான மகன் இசக்கித்துரையும் அவர் சொல்லைத் தாண்டவில்லை. தங்கபுஷ்பம் துணி காயப்போட வெளியே வருவாள், பிழிந்து உதறும்போது ஒரு பார்வை கீழே பார்ப்பாள், உள்ளே போய்விடுவாள்.

சீனியம்மாளுக்கு இது பெரிய சோதனையாகப் போய்விட்டது. மூன்று வருசம் பஸ் தூரத்தில் இருந்தவள் இப்போது கூப்பிடு தூரத்தில் இருந்தாள், இருந்தும் கூப்பிட முடியவில்லை. அதனால் மகளிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மலையிடம் சொன்னாள். இலை போடும்போது கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். “குளிராட்டி, நல்லாச் சாப்பிடு தாயி, போன வருசத்துக்கு இப்ப மெலிஞ்சு தெரியுத.” “குளிராட்டி, எண்ணெய்ப் பக்கத்துல நிக்கும்போது சேலையச் சேத்துப் பிடிச்சுக்க.” “குளிராட்டி, உனக்குப் பிடிக்கும்னு சீனியவரைக்கா வத்தல் வறுத்திருக்கேன்.” மலைக்குச் சீனியவரைக்காய் பிடிக்கும் என்று இவளுக்கு யார் சொன்னது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. மேலே சட்டியில் கரண்டி தட்டுகிற சத்தம் அந்த நேரத்தில் மட்டும் நின்றிருக்கும், அப்புறம் முன்னைவிட வேகமாகத் தட்டும்.

இப்படியே போயிருக்கும், ஆனால் மலை உண்மையாகவே மெலிய ஆரம்பித்தது. மேற்கேயிருந்து வருகிற மேகங்களுக்கு முகவரி மாறியது தெரியவில்லை. பழைய இடத்தில் தேடிவிட்டு, மலையைக் காணாமல் கலைந்து போயின. அருவி முதலில் ஆள் அகலத்துக்கு ஒடுங்கியது, அப்புறம் சேலை முந்தி அகலத்துக்கு, அப்புறம் கயிறு மாதிரி தொங்கியது. பெரணியெல்லாம் சுருண்டது. மலையின் பழைய அடிவாரத்து ஊர்க்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்தார்கள், சண்டைக்கு வரவில்லை, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அது நின்ற இடத்தில் இப்போது வெறும் வானம் இருக்கிறது, பார்க்கவே கூச்சமாக இருக்கிறது என்றார் ஒருவர். ஆனால் யாரும் மலையைப் பார்த்து வா என்று சொல்லவில்லை. விருந்துக்கு வந்தவரை அழைத்த வீட்டார்தான் வழியனுப்ப வேண்டும், வேறு யாரும் எழுப்பக் கூடாது என்பது அவர்களுக்கும் தெரியும்.

எல்லோரும் சீனியம்மாளைப் பார்த்தார்கள். தலைவர் செல்லையா அவளைத் தனியாகக் கூட்டிப்போய்ப் பேசினார்.

“இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டும்னு சொல்லு மதினி. வாங்கன்னு கூப்பிட்டாலும் ஆள் வராத ஊரு, இப்ப போங்கன்னாலும் போக மாட்டேங்காக. இத விட்டுட்டா திரும்ப நாம நாமளாத்தான இருக்கணும்?”

“தண்ணி கொறையுதே, கொழுந்தனாரே.”

“மழை வந்தாக் கூடிரும். உனக்கும்தான் என்ன, உம் மக கண்ணு முன்னால இருக்கால்லா?”

அந்தக் கடைசிச் சொல்லில் அவர் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். மலை போனால் வீடு போகும், வீடு போனால் மகள் போவாள், திரும்ப ஊர்க்காரர்கள் வாயால் ‘நல்லா இருக்காளா’, ‘நல்லா இருக்கா’ என்பதோடு சரி. வா என்று சொல்லத் தெரிந்த அளவுக்குச் சீனியம்மாளுக்குப் போ என்று சொல்லத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அந்த ஊரில் யாருக்கும் வந்ததே இல்லை.

மறுநாள் காலையில் இலை எடுத்துக்கொண்டு மலையடிக்குப் போனபோது, மேலே தங்கபுஷ்பம் இடுப்பில் குடத்தோடு பாறை பாறையாக ஏறிக்கொண்டிருந்தாள். வீட்டை ஒட்டி ஓடிய ஓடை வற்றிவிட்டது, உச்சிச் சுனையில்தான் தண்ணீர். ஒரு வழுக்குப் பாறையில் கால் சறுக்கி, குடத்தை விடாமல் முழங்காலை ஊன்றி எழுந்து, சேலையில் இருந்த பாசியைத் தட்டிவிட்டுத் திரும்ப ஏறினாள். தன் ஆசைக்காக மகளைத் தண்ணீருக்கு மலையேற வைத்துவிட்டேனே என்று சீனியம்மாளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக வந்தது.

இலையைப் போட்டாள். மலை சாப்பிட்டு முடிக்கும்வரை திரும்பி நின்றாள். பிறகு பாறையில் கையை வைத்து, “குளிராட்டி, வந்தது எனக்கு ரொம்பச் சந்தோசம். குறை ஏதும் இருந்தா மனசுல வச்சுக்கிடாத. உன் ஊரு தவிச்சுப்போய்க் கெடக்கு. போயிட்டு வா தாயி” என்றாள். தலைவர் துண்டை உதறிக்கொண்டு ஓடிவந்தார், டீக்கடைக்காரர் ஸ்வெட்டரோடு ஓடிவந்தார், “என்ன காரியம் செஞ்ச!” என்று ஊர் இரைந்தது. “நான் கூப்பிட்டேன், நான் அனுப்புதேன், இதுல உங்களுக்கு என்ன?” என்று ஒரே சத்தத்தில் எல்லோரையும் அடக்கினாள்.

மலை எழுந்திருக்க நேரமெடுக்கும். ஊருக்குள் திரிந்த குரங்குகள் ஒவ்வொன்றாக ஏறின, சப்பரத்துக்கு அடியில் கிடந்த கூழாங்கற்கள் உருண்டு போய்ச் சேர்ந்துகொண்டன, அடியில் மண் விடுபடுகிற சத்தம் கேட்டது. சீனியம்மாள் வீட்டுக்கு ஓடினாள், குங்குமச்சிமிழையும் வெற்றிலையையும் தட்டில் வைத்தாள், “நீங்க வரவேண்டாம், காலு சரியில்ல, நான் போயிட்டு வாரேன்” என்று பெருமாள்சாமியிடம் சொல்லிவிட்டு மலையேறினாள். ரோசம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை, தேடிப் பார்க்கவும் நேரம் இல்லை.

கோமதிநாயகம் வாசலிலேயே நின்றார். தேய்த்த வேட்டி, தேய்த்த சட்டை. மலை வந்த நாளிலிருந்து தினமும் தேய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது.

“அண்ணே, அன்னைக்கு நேர்ல வந்து அழைச்சிருக்கணும், தப்புதான். இப்ப அழைக்கேன், குடும்பத்தோட வீட்டுக்கு வரணும்.”

“வாங்க தங்கச்சி, உள்ள வாங்க!” அவர் குங்குமத்தை அவசர அவசரமாக எடுத்துக்கொண்டார். “கெளம்புற நேரத்துல வந்து கூப்பிடுதீகளே. இன்னைக்கு வீட்டைப் போட்டுட்டு எறங்க முடியாது, வெள்ளிக்கிழமை பஸ்ல வந்துருதோம். நான் அந்தக் கோவத்த அந்த வாரமே மறந்துட்டேன் தங்கச்சி. நீங்க வருவீகன்னு பாத்தேன், வரல. வரலைன்னதும் சரி, கோவமாத்தான் இருப்போம்னு இருந்தேன்.”

தரை ஒரு தடவை அசைந்தது. சீனியம்மாள் அடுப்படிக்குப் போனாள். தங்கபுஷ்பம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு ஜல்லிக்கரண்டியோடு நின்றாள்.

“மாமா வெள்ளிக்கிழமை வாரேன்னுட்டாரு. நீ இப்பவே என்கூட வந்துருட்டி.”

“நான் வரல.”

“ஏன், மாமாதான் சரின்னுட்டாரே.”

“மாமா எப்பம்மா வேண்டாம்னாரு? மாமா கோவம் ஒரு வாரந்தான். மூணு வருசமா வராதது நான்.” மகள் திரும்பினாள், கண் சிவந்திருந்தது. “அன்னைக்கு போன எடுத்தது யாரு? நான்தான. கொடை எப்படா வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ என்ன சொன்ன? ‘போன மாமாகிட்ட குடு’ன்ன. பக்கத்துலயே நிக்கேன். மாமா பேரச் சொல்லி, அத்தை பேரச் சொல்லி, அவுக பேரச் சொல்லி வாங்க வாங்கன்னு கூப்பிடுத. எம் பேரச் சொல்லல.”

“உன்னையப் போயி நான் கூப்பிடணுமா? அது உன் வீடுட்டி!”

“என் வீடுன்னு நீ நெனச்சுக்கிட்ட. எனக்கு எப்படித் தெரியும்? கட்டிக் குடுத்து அனுப்பின அன்னைக்கு எல்லாரும் என்னையப் போ போன்னுதான சொன்னீக. இந்தப் பாறையக் கையால தொட்டு, பொட்டு வச்சு, மொச்சைக் கொழம்பு வைக்கேன்னு சொல்லிக் கூப்பிட்ட. நான் மேல நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அன்னைக்கு மட்டும் குளிராட்டின்ன வாயால ஒருக்கா என் பேரச் சொல்லியிருந்தா, கரண்டியப் போட்டுட்டு ஓடி வந்திருப்பேம்மா.”

சீனியம்மாளின் வாய் எத்தனை பேரைக் கூப்பிட்ட வாய்! கண்டக்டரைக் கூப்பிட்டது, முகம் தெரியாத சேலத்துக்காரரைக் கூப்பிட்டது, கல்லையும் மண்ணையும் கூப்பிட்டது. வீட்டு ஆளை யாராவது கூப்பிடுவார்களா என்று பெற்ற ஒன்றை மட்டும் விட்டுவிட்டது. வெளியே குரங்குகள் சத்தம் ஓய்ந்திருந்தது. அவள் தட்டைக் கீழே வைத்தாள், குங்குமத்தைத் தொட்டு மகள் நெற்றியில் வைத்தாள், அவசரத்தில் பொட்டு கோணலாக விழுந்தது, மகளுடைய கையைப் பிடித்தாள். கையில் மாவும் எண்ணெயும் இருந்தன.

“தங்கபுஷ்பம், வீட்டுக்கு வா” என்றாள்.

அவள் சொன்னதும் மலை கிளம்பிவிட்டது. கூடத்தில் இருந்து இசக்கித்துரை, “எறங்குறதுன்னா சீக்கிரம் எறங்கு, கல்லு நகருது!” என்று கத்தினான். அம்மாவும் மகளும் படியில் ஓடினார்கள், வற்றிய ஓடையைத் தாண்டினார்கள், கடைசிக் கல்லில் இருந்து ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு குதித்தார்கள், முழங்கால் வரைக்கும் புழுதி பறந்தது. மகள் காலில் செருப்பு இல்லை, கையில் ஜல்லிக்கரண்டி அப்படியே இருந்தது. வீட்டு வாசலில் கோமதிநாயகம் கையசைத்துக்கொண்டே போனார், வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்று அவர் சொன்னது கொஞ்ச தூரம் வரைக்கும் கேட்டது. மலை மிளகாய்த் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு, நிதானமாக, மேற்கே பார்த்து நடந்தது.

அது நின்ற இடத்தில் வெயில் இறங்கியது. கீழத்தெருக் களங்களில் இருந்து மேலத்தெருப் பெண்கள் மிளகாயை அள்ள ஆரம்பித்தார்கள். தலைவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மலை போன திசையையும் சீனியம்மாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒதுங்கி வழிவிட்டார்.

தங்கபுஷ்பம் நகரவில்லை. சுடுகிற மண்ணில் கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டு, “இன்னொருக்கா கூப்பிடு” என்றாள்.

“தங்கபுஷ்பம், வீட்டுக்கு வா தாயி.”

ஒரு எட்டு வைத்தாள். “கேக்கல.”

“ஏட்டி தங்கபுஷ்பம்! வீட்டுக்கு வா!” சீனியம்மாள் தெருமுனை வரைக்கும் கேட்கிற அவளுடைய பழைய குரலை எடுத்தாள். மிளகாய் அள்ளியவர்கள் நிமிர்ந்தார்கள், டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம் நின்றது. மந்தையைத் தாண்டும்போது கூப்பிட்டாள், மேலத்தெருவில் கூப்பிட்டாள், வாசலில் சோற்றுக்குக் காத்திருந்த விருந்தாளிகளுக்கு நடுவே வழி செய்துகொண்டு கூப்பிட்டாள், அழுதுகொண்டே கூப்பிட்டாள். மகள் உள்ளே போய்ப் பானையில் தண்ணீர் மோந்து குடித்துக்கொண்டிருக்கும்போதும், சீனியம்மாள் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.